இரட்டை இறக்கை மாடல் விமானம்: எஞ்சினை மாற்றும் முன் எதைப் பார்ப்பது?

ரிமோட்டில் பறக்கும் இரட்டை இறக்கை மாடலைக் கட்டி முடித்து, முதல் நாள் பறக்கவிட்டுத் திரும்புகிறவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "எஞ்சின் பத்தலைங்க." நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நிற்காமல் பெரிய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டவும் செய்தேன். காசு போனது, பிரச்சினை போகவில்லை.

என்னுடையது டைகர் மாத் என்ற பழைய பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தை ஆறில் ஒரு பங்கு அளவில் செய்தது. அசலின் இறக்கை நீளம் 8.94 மீட்டர், மாடலில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். எடை மூன்றரை கிலோ. பழைய பயிற்சி மாடலிலிருந்து கழற்றிய 46 டூ ஸ்ட்ரோக்கை, அதாவது ஏழரை சிசி எஞ்சினை, முதலில் வைத்தேன். தரையை விட்டு எழும்பியது. அதற்கு மேல் மூக்கைத் தூக்கினால் அப்படியே தொங்கியது. சரி என்று பத்து சிசி 61 ஒன்றை மாட்டினேன். மட்டமாகப் பறக்கும்போது வேகம் கூடியது, ஏற்றத்தில் அதே தொங்கல். களத்தில் என்னைவிட இருபது வயது மூத்தவர் ஒருவர் புரொப்பெல்லரைக் கையால் திருப்பி, அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்துவிட்டு, "தம்பி, இதை ரேஸுக்கா விடப் போறே?" என்று கேட்டார். அதில் 11×8 என்று இருந்தது.

இரட்டை இறக்கைக்கு எஞ்சின் என்பது பெரிய புரொப்பெல்லர் ஒன்றை மெதுவாகச் சுற்றுவதற்கான கருவி. அதோடு மூக்கில் உட்கார வேண்டிய எடையும் அதுதான். இந்த இரண்டு வேலையையும் செய்கிறதா என்று பார்த்துத்தான் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிசி எண் மூன்றாவதாக வரட்டும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் விமானம் எப்படி அடம் பிடிக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: தரையில் உறுமுகிறது, ஏற்றத்தில் தொங்குகிறது

முதல் சந்தேகம் புரொப் மீதுதான் வர வேண்டும். 11×6 என்றால் விட்டம் 11 அங்குலம், ஒரு சுற்றுக்கு ஏட்டளவில் முன்னேறும் தூரம் 6 அங்குலம். இரண்டாவது எண்ணான பிட்ச்சை நிமிடச் சுற்றோடு பெருக்கினால், புரொப் காற்றைத் தள்ளும் வேகம் வந்துவிடும். 11×8 புரொப் 11,500 சுற்றில் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்துக்கானது. இரண்டு இறக்கை, நடுவில் ஸ்ட்ரட்டுகள், குறுக்கும் நெடுக்கும் கம்பிகள், வெளியே நீட்டிய சக்கரங்கள் என்று இருக்கும் டைகர் மாத் அந்த வேகத்தை எந்த ஜென்மத்திலும் தொடாது. ஏறும்போது அதன் வேகம் நாற்பது ஐம்பதுதான் இருக்கும். அந்த வேகத்தில் அதிக பிட்ச் உள்ள புரொப் காற்றைப் பிடித்து இழுப்பதைவிட அரைத்துக் கிளறும் நேரமே அதிகம்.

கணக்காகவே பார்ப்போம். 46 டூ ஸ்ட்ரோக் 11×6 புரொப்பை 12,000 சுற்றில் ஓட்டுகிறது. 70 ஃபோர் ஸ்ட்ரோக், அதாவது பதினொன்றரை சிசி, 13×6 புரொப்பை 9,500 சுற்றில் ஓட்டுகிறது. இரண்டும் விழுங்கும் திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நின்ற இடத்தில் கிடைக்கும் இழுவை இரண்டாவதில் எட்டில் ஒரு பங்கு கூடுதல். காற்றைத் தள்ளும் வேகமோ மணிக்கு 110 கிலோமீட்டரிலிருந்து 87 ஆகக் குறைகிறது. இரட்டை இறக்கைக்கு வேண்டியது இந்த இரண்டாவது கணக்கு. அசல் டைகர் மாத்தின் புரொப்பை ஆறால் வகுத்தாலும் ஏறத்தாழ 13 அங்குலம்தான் வருகிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மூக்கு பருத்த மாடல் என்றால் விட்டம் இன்னும் முக்கியம். முதல் உலகப் போர்க் காலத்துச் சாப்வித் கேமல் மாதிரி வட்ட மூக்கு உள்ளவற்றில், மூக்கு மூடியின் குறுக்களவு 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 அங்குல புரொப் சுற்றும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்த மூடியே மறைத்துவிடும். 13 அங்குலம் போட்டால் மறைவது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். புரொப்பின் நுனிப் பக்கம்தான் உண்மையில் வேலை செய்கிறது. நடுப்பகுதி மூடிக்கு முன்னால் வெறுமனே சுற்றுகிறது.

ஆகவே எஞ்சினைத் தொடும் முன் பிட்ச்சை ஒரு படி இறக்கி, விட்டத்தை ஒரு அங்குலம் ஏற்றிப் பாருங்கள். 46க்கு 11×6 போட்டிருந்தால் 12×4. 61க்கு 12×6 அல்லது 13×5. சுற்றை எண்ணும் டாக்கோமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். காதால் கேட்டு ஆர்பிஎம் சொல்லும் ஆட்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து. புரொப் நுனிக்கும் தரைக்கும் இடைவெளி போதவில்லை என்றால் மூன்று இலை புரொப்புக்குப் போகலாம்: விட்டம் ஒரு அங்குலம் குறைவாக, பிட்ச் அதேதான் அல்லது ஒரு அங்குலம் கூட. திறமை கொஞ்சம் குறையும், பார்க்க அழகாக இருக்கும்.

புரொப் மாற்றியும் தொங்கினால் அடுத்ததாக இறக்கைகளைப் பாருங்கள். மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் வெவ்வேறு கோணத்தில் மாட்டப்பட்டிருந்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், எஞ்சின் அந்தச் சண்டைக்குக் கப்பம் கட்டும். வரைபடத்தில் என்ன கோணம் போட்டிருக்கிறதோ அதற்கு அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும்; இடது வலது இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, வெயில். எஞ்சின் கையேட்டு எண்கள் குளிர் நாட்டுக் காற்றை மனதில் வைத்தவை. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று எட்டு சதவீதம் மெலிந்தது. எஞ்சினும் இளைக்கிறது, இறக்கையும் இளைக்கிறது. மே மாதம் மதியம் இரண்டு மணிக்குச் சென்னையில் பறக்கவிட்டுவிட்டு எஞ்சினைத் திட்டாதீர்கள். காலை ஆறரைக்கு ஒரு தடவை விட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: மூக்கில் ஈயம் ஏறிக்கொண்டே போகிறது

முதல் உலகப் போர்க் கால விமானங்களின் மாடலைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்த தலைவலி. கேமலில் எஞ்சின், பைலட், துப்பாக்கி, எரிபொருள் எல்லாமே முன்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. புரொப்போடு சேர்ந்து தானும் சுற்றும் அதன் சுழல் எஞ்சின் கனமானது. அதனால் மூக்கு குட்டையாக இருந்தும் அசல் சமநிலையில் நின்றது. மாடலில் அந்த இடத்தில் அரை கிலோ டூ ஸ்ட்ரோக்கை வைத்தால் வால் தரையை விட்டு எழாது, மூக்கில் ஈயம் வைத்துத்தான் சமன் செய்ய வேண்டும்.

ஆறில் ஒரு பங்கு டைகர் மாத்தின் மொத்த நீளம் 1.2 மீட்டர். சமநிலைப் புள்ளியிலிருந்து எஞ்சின் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் முன்னால், வால் 80 சென்டிமீட்டர் பின்னால். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்றரை கிராமுக்கு மேல் வைக்க வேண்டும். வால் பகுதியில் கூடுதலாக ஒரு கோட் பெயிண்ட் அடித்து இருபது கிராம் ஏற்றினால், மூக்கில் எழுபது கிராம் ஈயம் கேட்கும்.

46 டூ ஸ்ட்ரோக் மஃப்ளரோடு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 70 ஃபோர் ஸ்ட்ரோக் அறுநூறு கிராமை ஒட்டி வரும். நூறு கிராம் ஈயத்தைச் சும்மா தூக்கிச் சுமப்பதற்குப் பதில், அதே நூறு கிராமை இழுக்கும் எஞ்சினாக மாற்றிக்கொள்ளலாம். இலேசான எஞ்சினே நல்ல எஞ்சின் என்ற எண்ணம் ஒற்றை இறக்கை மாடல்களிலிருந்து வருகிறது. இங்கே அது பொருந்தாது.

மடல்களை அசைக்கும் சர்வோ மோட்டார்களையும் ரேடியோ ரிசீவரின் பேட்டரியையும் முதலில் முன்னால் நகர்த்துங்கள். பேட்டரியை எஞ்சின் பலகைக்குக் கீழே, எரிபொருள் தொட்டிக்கு அடியில் திணிக்க முடிந்தால் பாதி ஈயம் மிச்சம். சமநிலை பார்க்கும்போது தொட்டி காலியாக இருக்க வேண்டும். தொட்டி சமநிலைப் புள்ளிக்கு முன்னால் இருக்கிறது. எரிபொருள் தீரத் தீர வால் கனக்கும். புறப்படும்போது ஒழுங்காக இருந்த விமானம் பத்தாவது நிமிடத்தில் எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை, தொட்டாலே துள்ளுகிறது என்றால் காரணம் இதுதான். அதை "எஞ்சின் பவர் குறைஞ்சுடுச்சு, அதான் தள்ளாடுது" என்று சொன்ன நண்பர் ஒருவரின் மாடல் ஓடுபாதை ஓரத்து முள்வேலியில் முடிந்தது.

அறிகுறி: நாலைந்து நிமிடத்துக்குப் பிறகு சுருதி இறங்குகிறது

புறப்படும்போது கணீரென்று இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் நின்றே போகிறது. கீழே கொண்டுவந்து ஆறவிட்டால் மறுபடி ஒழுங்காக ஓடுகிறது. இது சூடு. காரணம் இரண்டில் ஒன்று: கலவை மெலிந்திருக்கிறது, இல்லையென்றால் மூக்கு மூடிக்குள் காற்று நுழைந்து வெளியேற வழியில்லை.

கலவையை முதலில் பாருங்கள். முழு த்ராட்டிலில் ஓடவிட்டு, பின்னால் நின்றபடி மாடலின் மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடியுங்கள். சத்தம் அப்படியே நின்றாலோ சற்றுக் கூடினாலோ சரி. இறங்கினால், எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசி அதிகமாக மூடியிருக்கிறது. உச்ச ஆர்பிஎம்மைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 300 முதல் 500 சுற்று குறையும்வரை ஊசியைத் திறந்து வையுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இது உயிர் காக்கும் விஷயம். மெலிந்த கலவையில் அது உள்ளே தட்டும். அந்த அடியில் புரொப் நட்டு தளர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் புரொப் முன்னால் பறந்து போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரட்டை நட்டுப் பூட்டு இல்லாமல் ஃபோர் ஸ்ட்ரோக்கை ஓட்டாதீர்கள். முன்பக்கம் யாரும் நிற்க வேண்டாம், புரொப் சுற்றும் தளத்துக்கு நேர்ப் பக்கவாட்டிலும் வேண்டாம்.

கலவை சரியாக இருந்தும் சூடேறினால் மூடிதான். காற்று நுழையும் ஓட்டையைவிட வெளியேறும் ஓட்டை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். சூடேறிய காற்று விரிகிறது. நம் ஆட்கள் முன்பக்கத்தை அகலமாக வெட்டிவிட்டு, அழகு கெடும் என்று பின்பக்கத்தை மூடி வைப்பார்கள். நுழைந்த காற்று உள்ளேயே வெந்து கிடக்கும். கேமல், அமெரிக்கப் பயிற்சி விமானமான ஸ்டியர்மன் மாதிரி வட்ட மூக்குகளில், காற்று சிலிண்டரைச் சுற்றி வளைந்து தப்பிக்காமல் அதன் தகடுகளுக்கு நடுவே புகுந்து போகும்படி உள்ளே மெல்லிய பலகைத் தடுப்பு வையுங்கள்.

எண்ணெய் அளவும் ஒரு காரணம். இதுவரை சொன்னவை க்ளோ எஞ்சின்கள், அதாவது பிளக்கில் கனலும் கம்பிச் சுருள் எரிபொருளைப் பற்றவைப்பவை. அவை குடிப்பது மெத்தனாலும் எண்ணெயும் கலந்தது. எண்ணெய் 18 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும். இதோடு வழக்கமாகக் கொஞ்சம் சேர்க்கும் நைட்ரோமீத்தேன் கிடைக்காமல் எண்பதுக்கு இருபது என்று மெத்தனாலையும் விளக்கெண்ணெயையும் கலந்து ஓட்டுகிறவர்கள் உண்டு. எஞ்சின் அதில் தாராளமாக ஓடும், ஐடில் மட்டும் சற்றுத் தடுமாறும். ஒரு படி சூடான பிளக் போட்டால் அதுவும் அடங்கும். எந்த விளக்கெண்ணெயும் ஆகாது. ஈரப்பதம் நீக்கிய, முதல் பிழிவு எண்ணெயாக இருக்க வேண்டும். கேமல் காலத்துச் சுழல் எஞ்சின்களும் விளக்கெண்ணெயில்தான் ஓடின. எரியாமல் வெளியே வீசப்பட்ட அந்த எண்ணெயைச் சுவாசித்த பைலட்டுகளின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் பாட்டிமார்களிடம் கேட்டால் போதும்.

மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாட்டில் உரிமம் வேண்டும் என்பதை எஞ்சின் வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள். கொஞ்சம் குடித்தாலே பார்வையையும் உயிரையும் பறிக்கும் விஷம் அது. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. எரியும்போது வெயிலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. எரிபொருளுக்கு நிரந்தர வழி இல்லையென்றால் பெட்ரோலோ மின் மோட்டாரோ நிம்மதி.

அறிகுறி: தலைகீழ் எஞ்சின், ஐடிலில் அணைகிறது அல்லது ஸ்டார்ட்டருக்கு அசையவில்லை

டைகர் மாத்தின் மூக்கு ஏன் அப்படி இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அதன் ஜிப்சி மேஜர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்கும். அச்சு மேலே, சிலிண்டர்கள் கீழே. அதனால் புரொப் உயரத்தில் நிற்கும், பைலட்டுக்கு மூக்குக்கு மேல் பார்வை கிடைக்கும். மாடலிலும் எஞ்சினைத் தலைகீழாக மாட்டினால் மூடிக்குள் அச்சாகப் பொருந்துகிறது. அங்கேதான் வம்பும் தொடங்குகிறது.

தலைகீழாக இருக்கும்போது பிளக்தான் அடிமட்டத்தில் இருக்கிறது. எஞ்சினுக்குள் தேங்கும் எரிபொருள் எல்லாம் வழிந்து அதன் மேல்தான் விழும். ஐடிலில் பிளக்கின் கம்பிச் சுருள் நனைந்து குளிர்ந்து அணைந்துவிடும். இறங்கும் நேரத்தில் ஐடிலுக்குக் கொண்டுவந்தால் நின்றுவிடுகிறது என்ற புகாரில் முக்கால்வாசி இதுதான்.

பார்க்க வேண்டியது தொட்டியின் உயரம். தொட்டியின் நடுக்கோடு கார்புரேட்டர் ஊசியின் மட்டத்தில் அல்லது அதற்கு ஒரு சென்டிமீட்டர் வரை கீழே இருக்க வேண்டும். எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பும்போது பெரும்பாலான டூ ஸ்ட்ரோக்குகளில் கார்புரேட்டரும் கீழே போய்விடும். ஆனால் தொட்டியை யாரும் கீழே இறக்குவதில்லை, பழைய இடத்திலேயே இருக்கும். விளைவு, எஞ்சின் நின்றிருக்கும்போதே எரிபொருள் தானாக இறங்கி உள்ளே நிரம்பும். அசல் டைகர் மாத்தில் தொட்டி மேல் இறக்கையின் நடுவில் இருந்தது, எரிபொருள் தானாகக் கீழே வடியும். அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்ற வெறியில் அதைக் காப்பியடித்துவிடாதீர்கள்.

தொட்டியை இறக்க இடமில்லை என்றால், ஓட்டாத நேரத்தில் எரிபொருள் டியூபைக் கிளிப்பால் நெரித்து வையுங்கள். ஐடில் ஊசியை ஒரு கால் சுற்று மூடிப் பாருங்கள். அப்படியும் அணைந்தால், த்ராட்டில் குறையும்போது மட்டும் பிளக்குக்கு மின்சாரம் தரும் சின்ன பேட்டரியை மாடலிலேயே வைத்துவிடலாம். சர்வோ கம்பியில் ஒரு சுவிட்ச் போதும். மூக்கில் எடையும் கிடைக்கும், ஈயம் அவ்வளவு குறையும். இதையெல்லாம் செய்ய மனமில்லாதவர்கள் எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைக்கலாம். மூடியில் ஒரு ஓட்டை கூடும், தொல்லையில் பாதி குறையும். நான் இப்போது அந்தக் கட்சி.

ஸ்டார்ட்டரை வைத்தால் புரொப் நகரவே இல்லை, "டக்" என்று நிற்கிறது என்றால் உடனே கையை எடுங்கள். சிலிண்டர் தலைக்குள் எரிபொருள் நிரம்பிவிட்டது. திரவத்தை அழுத்தி ஒடுக்க முடியாது. ஸ்டார்ட்டரின் பலத்தில் கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, கையால் புரொப்பைச் சுற்றி, உள்ளே இருப்பதை வெளியே கொட்டுங்கள். தலைகீழ் எஞ்சினை ஒவ்வொரு முறையும் முதலில் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டே ஸ்டார்ட்டரை எடுக்க வேண்டும். ஸ்டியர்மன் மாதிரி வட்ட எஞ்சின் வைத்த அசல் விமானங்களிலும் இதே சடங்கு உண்டு, இதே காரணத்துக்காக.

அறிகுறி: ஓடுபாதையில் ஒரு பக்கம் இழுக்கிறது

பெரிய புரொப் போட்டதும் இது கூடும். நம் மாடல் எஞ்சின்கள் முன்னிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுபவை, மாடல் இடப்பக்கம் இழுக்கும். எஞ்சினை இரண்டு மூன்று டிகிரி வலப்பக்கம் திருப்பி மாட்டுங்கள், த்ராட்டிலை நிதானமாகத் திறங்கள், வால் சுக்கானான ரட்டரை வலப்பக்கம் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஜிப்சி மேஜர் எதிர்ப்பக்கம் சுற்றும் எஞ்சின், அசல் டைகர் மாத் வலப்பக்கம் இழுக்கும். அசலின் படங்களைப் பார்த்துக் கோணம் வைத்தால் உங்கள் மாடல் வேலியைத் தேடிப் போகும்.

அறிகுறி: கம்பிகள் பாடுகின்றன, திருகுகள் கழல்கின்றன

முதலில் புரொப்பை பேலன்ஸ் பண்ணுங்கள். இருபது ரூபாய் வேலை அது, செய்கிறவர்கள் குறைவு. பிறகு எஞ்சின் பலகையின் ஒட்டுகளை விரலால் தட்டிக் கேளுங்கள், விரிசல் விட்ட ஒட்டு மந்தமாக ஒலிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வால்வ் இடைவெளி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.04 முதல் 0.1 மில்லிமீட்டர். பெட்ரோல் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே குலுக்கும். அதற்குக் கட்டப்படாத, மெல்லிய பல்சா மூக்கில் அதை மாட்டினால் ஒரு சீசனில் மூக்கே கழன்று வரும். இறக்கைக் கம்பிகள் வெறும் அலங்காரமா, எடை தாங்குபவையா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தாங்குபவை என்றால் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பெட்ரோல் எஞ்சின், போன மாதம் நன்றாக ஓடியது, இன்று கிளம்பவே இல்லை

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தொட்டியில் அதை வைத்துவிட்டுப் போனால் ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டரின் மெல்லிய சவ்வை விறைக்கச் செய்யும். பறந்து முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுவிடுங்கள். சவ்வு விறைத்திருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பழுது பார்க்கும் செட்டாகவே கிடைக்கும்.

க்ளோவிலிருந்து பெட்ரோலுக்கு மாறியவர்கள் செய்யும் தவறு இன்னொன்று உண்டு. க்ளோவுக்குப் போட்ட சிலிக்கோன் டியூபை அப்படியே வைத்துவிடுவார்கள். பெட்ரோலில் சிலிக்கோன் ஊறி உப்பிப்போகும். தொட்டிக்குள் இருக்கும் டியூப் கழன்று விழுந்தால் நடுவானில் எஞ்சின் நிற்கும், வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மஞ்சள் டைகான் டியூபை எல்லா இடத்திலும் போடுங்கள், தொட்டியின் அடைப்பானையும் பெட்ரோலுக்கானதாக மாற்றுங்கள். இக்னிஷன் பெட்டியை ரிசீவரிலிருந்து ஒரு முப்பது சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். அதற்குத் தனி பேட்டரி, தனி சுவிட்ச்.

அறிகுறி: மின் மோட்டார் கொதிக்கிறது, பேட்டரி ஏழு நிமிடத்தில் காலி

கேவி எண், அதாவது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற எண், அதிகமுள்ள மோட்டாரில் பெரிய புரொப் மாட்டியிருப்பீர்கள். கிலோவுக்கு 220 வாட் என்று கணக்கு வையுங்கள். நான்கு கிலோ மாடலுக்கு ஏறத்தாழ 880 வாட்; ஏறத்தாழ 22 வோல்ட் தரும் ஆறு செல் பேட்டரியில் அது 40 ஆம்பியர். 400 கேவி சுற்றுவட்டாரத்தில் ஒரு மோட்டார், 15×8 புரொப், 60 ஆம்பியர் கண்ட்ரோலர் போதும். வாட் மீட்டர் வைத்து அளக்காமல் பறக்கவிடாதீர்கள். பேட்டரியின் எடை மூக்கின் நுனிவரை போகும்படி தட்டு அமைத்தால் ஈயமே வேண்டியிருக்காது. க்ளோ வாசனை வராது என்பது மட்டும்தான் குறை. எனக்கு அது பெரிய குறை.

அறிகுறி: இறங்க மறுக்கிறது, எஞ்சின் நின்றாலோ கல்லாக விழுகிறது

ஒன்றுக்கொன்று எதிர்மாறாகத் தெரிந்தாலும் இரண்டிலும் புரொப்புக்குக் கை இருக்கிறது. ஐடில் 3,000க்கு மேல் இருந்தால் அதிக பிட்ச் புரொப் தரைக்கு மேலும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் 2,200 முதல் 2,500க்குக் கொண்டுவர முடிய வேண்டும். குறைந்த பிட்ச், பெரிய விட்டம் என்று மாற்றிவிட்டால், ஐடிலில் அதுவே பிரேக் மாதிரி வேலை செய்யும்.

எஞ்சின் நின்றுவிட்டால், இத்தனை கம்பிகளோடு சறுக்கி வெகுதூரம் வரலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள். ஓடுபாதைக்கு எட்டுமா என்று யோசித்து எலிவேட்டரைப் பின்னால் இழுத்தால் ஒரு இறக்கை சாய்ந்து சுழலும். முன்னால் எந்த வயல் தெரிகிறதோ அதில் இறக்குங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, மாற்றத்தான் வேண்டும் என்றால்

பெட்டியில் போட்ட இறக்கை நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அமெரிக்கப் பெரிய மாடல் சங்கம் "பெரிய மாடல்" என்று ஒற்றை இறக்கைக்கு 80 அங்குலத்தையும் இரட்டை இறக்கைக்கு 60 அங்குலத்தையும் கீழ் எல்லையாக வைத்திருக்கிறது. ஒன்றரை மீட்டர் இரட்டை இறக்கை, இரண்டு மீட்டர் ஒற்றை இறக்கையின் அண்ணன் தம்பி. எடையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டரை முதல் மூன்றரை கிலோ என்றால் 70 ஃபோர் ஸ்ட்ரோக். நான்கு நான்கரை கிலோவுக்கு 91 ஃபோர் ஸ்ட்ரோக், அதாவது 15 சிசி, 14×6 புரொப்போடு. ஐந்தரை ஏழு கிலோவுக்கு 20 சிசி பெட்ரோல், 16×8 அல்லது 17×6. கால் பங்கு அளவு டைகர் மாத், 2.2 மீட்டர் இறக்கை என்றால் 30 சிசிக்கு மேல். ஓஎஸ், சைட்டோ இரண்டு ஜப்பானியக் கம்பெனிகளும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் பழுத்த கை. ஓஎஸ் 1976லேயே பெருமளவில் ஃபோர் ஸ்ட்ரோக் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. பழைய எஞ்சின் கிடைத்தாலும் தயங்க வேண்டாம், புரொப்பைச் சுற்றும்போது அழுத்தம் தெரிகிறதா, பின் பேரிங் கரகரக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிட்ஸ் மாதிரி சாகச விமானம் வேண்டுமென்றால் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். டைகர் மாத்துக்கு வேண்டாம். அளவுக்கு மீறிய பவரில், இறக்கையின் பின்விளிம்பு மடலான ஏலரான் நடுங்கத் தொடங்கினால் அப்புறம் இறக்கையே மிஞ்சாது.

கடைக்குப் போகும் முன் எஞ்சின் பலகையிலிருந்து மூடியின் முன்விளிம்புவரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் நீளமானது. வாங்கிவந்து வைத்துப் பார்த்தால் புரொப் மூடிக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னால் நிற்கும். நான் அப்படி ஒரு முறை பலகையையே அறுத்துப் பின்னால் தள்ளினேன், தள்ளியதில் சமநிலை மறுபடி வால் பக்கம் போனது, மறுபடி ஈயம் உருக்கினேன்.